சதுரங்கத்துக்கென்றே செய்யப்பட்ட சிப்: அதன் உள்ளே நடந்தது என்ன?

1997 மே 11 அன்று நியூயார்க்கில் உலகச் சதுரங்க சாம்பியன் கேரி காஸ்பரோவ் ஆறாவது ஆட்டத்தை 19 நகர்த்தல்களில் இழந்து, 2.5–3.5 என்ற கணக்கில் போட்டியையும் இழந்தபோது, அவரை வென்ற டீப் ப்ளூவைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ‘சூப்பர் கம்ப்யூட்டர்’ என்றே எழுதின. அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் ஆர்எஸ்/6000 எஸ்பி என்ற கணினியின் 30 முனைகள், அதாவது ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யும் 30 கணினி அலகுகள் அதில் இருந்தன. அந்த வகைக் கணினியை வங்கிகளும் ஆய்வுக்கூடங்களும் வாங்கிப் பயன்படுத்தின. டீப் ப்ளூவைத் தனித்துக் காட்டியது, ஒவ்வொரு முனையிலும் செருகப்பட்டிருந்த 16 சிறப்புச் சிப்கள். மொத்தம் 480. அவற்றுக்குச் சதுரங்கத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு எண்களைப் பெருக்கித் தரச் சொன்னால்கூட அவற்றால் முடியாது. ஆனால் ஒரு சதுரங்க நிலையைக் கொடுத்தால், அவற்றில் ஒவ்வொன்றும் நொடிக்கு 20 முதல் 25 லட்சம் நிலைகளைப் பரிசீலித்து விடை சொல்லும்.

அப்படிப்பட்ட ஒரு சிப்பினுள் என்ன இருக்கிறது, அதே வேலையைச் சாதாரணப் புராசசரில் ஓடும் மென்பொருளைவிட அது ஏன் அவ்வளவு வேகமாகச் செய்தது, பிறகு ஏன் அதைச் செய்வாரே இல்லாமல் போயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கு இந்தக் கட்டுரை விடை சொல்ல முயல்கிறது. சதுரங்கம் ஆடத் தெரிந்தால் போதும். மின்னணுவியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. காய்களின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுவதால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே ‘யானை’ என்பது நேர்க்கோட்டில் செல்லும் காய், ‘மந்திரி’ என்பது குறுக்காகச் செல்லும் காய்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கணினி எப்படிச் சதுரங்கம் ஆடலாம் என்பதை 1950-இல் வெளியான தம் கட்டுரையில் கிளாட் ஷானன் தெளிவாக வகுத்தார். நான் ஒரு நகர்த்தல் செய்தால் எதிராளி என்னென்ன செய்யலாம், அவற்றுக்கு நான் என்னென்ன பதில் தரலாம் என்று கிளை கிளையாக விரித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே இருக்கும் நிலை எனக்குச் சாதகமா பாதகமா என்று ஒரு எண்ணால் மதிப்பிட்டு, அந்த எண்களைக் கீழிருந்து மேலாகக் கொண்டுவந்து நல்ல நகர்த்தலைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்த வழி. சதுரங்க நிரல்களில் பெரும்பாலானவை இன்றுவரை இந்தச் சட்டகத்துக்குள்தான் இயங்குகின்றன.

சிக்கல், கிளைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு நடு ஆட்ட நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்பும் மூன்று மூன்று முறை நகர்த்தும் அளவுக்கு, அதாவது ஆறு அரை நகர்த்தல்கள் வரை முன்னோக்கிப் பார்க்க வேண்டுமானால் 35-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 184 கோடி நிலைகள் வரும். மூன்று நகர்த்தல்கள் முன்னால் பார்ப்பது ஒன்றும் பெரிய ஆழமில்லை, ஓரளவு பழகிய ஆட்டக்காரரே சில வரிசைகளில் அதைவிட ஆழமாகப் பார்த்துவிடுவார்.

இந்தச் சுமையைக் குறைக்க ‘ஆல்ஃபா-பீட்டா’ என்ற வெட்டுமுறை உண்டு. நான் யோசிக்கும் ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது என்று தெரிந்தவுடனேயே அதைக் கைவிட்டுவிடலாம். அவரிடம் இருக்கும் மற்ற 34 பதில்களையும் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இடத்திலும் சிறந்த நகர்த்தலையே முதலில் பார்க்க நேர்ந்தால், மேலே சொன்ன 184 கோடி, ஏறத்தாழ 86,000 ஆகச் சுருங்கிவிடும். அவ்வளவு பெரிய சலுகை! ஆனால் அந்த ‘முதலில் பார்க்க நேர்ந்தால்’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நகர்த்தல்களைத் தவறான வரிசையில் பார்த்தால் சலுகை கரைந்துபோகும். ஆகவே நகர்த்தல்களைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அவற்றை நல்ல வரிசையில் கொடுக்கவும் வேண்டும். சதுரங்கச் சிப்பின் வடிவமே இந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதால் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரல் ஒவ்வொரு நிலையிலும் திரும்பத் திரும்பச் செய்வது நான்கே வேலைகள்: அடுத்த நகர்த்தலைக் கண்டுபிடிப்பது, அதைப் பலகையில் செய்து பார்ப்பது, நிலையை மதிப்பிடுவது, பிறகு அதைத் திரும்பப் பெற்றுப் பின்வாங்குவது. பொதுப் புராசசர் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்யும். ஒரு ராணி எங்கெல்லாம் போகலாம் என்று அறிய, எட்டுத் திசைகளிலும் ஒவ்வொரு கட்டமாக நடந்து, ‘இது காலியா, இங்கே யாருடைய காய்’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். கேள்வி ஒவ்வொன்றுக்கும் சில கட்டளைகள் செலவாகும். தம் சிப் ஒரு நிலைக்குச் செய்யும் வேலையைப் பொதுப் புராசசரில் செய்வதானால் 40,000 கட்டளைகள் வரை தேவைப்படலாம் என்று டீப் ப்ளூ சிப்பை வடிவமைத்த ஃபெங்-ஹ்சியுங் ஹ்சு மதிப்பிட்டார்.

பலகையையே மின்சுற்றாக்கினால்

இங்கேதான் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்ப்ஸனும் ஜோ காண்டனும் வருகிறார்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அதே தாம்ப்ஸன்தான். 1970-களில் அவர்கள் தொடங்கிய ‘பெல்’ என்ற எந்திரம் தொடக்கத்தில் ஒரு சிறு கணினியில் ஓடிய மென்பொருளாக, நொடிக்கு ஏறத்தாழ 200 நிலைகளைப் பார்த்தது. படிப்படியாக வேலைகளை மின்சுற்றுக்கு மாற்றியபோது அது 5,000 ஆயிற்று. மூன்றாம் வடிவத்தில் நொடிக்கு 1,60,000 நிலைகள். 1980-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் பெல் வென்றது. 1983-இல் அமெரிக்காவில் ‘மாஸ்டர்’ தகுதியை எட்டிய முதல் எந்திரமும் அதுவே. இடையில் 1982-இல், சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுபோகும் வழியில், உயர்தொழில்நுட்பப் பொருள் என்று கருதி அமெரிக்கச் சுங்கத்துறை அதை விமான நிலையத்தில் பறிமுதல் செய்த கதையும் உண்டு. சதுரங்கம் மட்டுமே தெரிந்த ஒரு பெட்டிக்கு இவ்வளவு மரியாதை வேறெப்போதும் கிடைத்திருக்காது.

பெல்லின் அடிப்படை எண்ணம் எளிமையானது. நிரலின் நினைவகத்தில் பலகையை எண்களாக எழுதிவைப்பதற்குப் பதிலாக, பலகையின் 64 கட்டங்களுக்கும் 64 மின்சுற்றுகளைச் செய்து, அண்டைக் கட்டங்களை, பலகையில் இருப்பது போலவே, கம்பிகளால் இணைத்துவிடுவது. குதிரைத் தாவலுக்குத் தனிக் கம்பிகள். ஒவ்வொரு கட்டத்து மின்சுற்றும் தன்மேல் எந்தக் காய் நிற்கிறது என்பதை மட்டும் அறிந்திருக்கும். அதற்கு இரண்டு வேலைகள் தெரியும்: அந்தக் காய் செல்லும் திசைகளில் சைகை அனுப்புவது, பிறரிடமிருந்து வரும் சைகையை வாங்குவது. கட்டம் காலியாக இருந்தால், நேர்க்கோட்டிலோ குறுக்காகவோ வரும் சைகையை அப்படியே அடுத்த கட்டத்துக்குக் கடத்திவிடும். காய் இருந்தால் சைகை அங்கேயே நின்றுவிடும். யானையும் மந்திரியும் வழிமறிக்கப்படுவது என்ற சதுரங்க விதி, இங்கே யாரும் சோதித்துப் பார்க்க வேண்டிய விதியாக இல்லாமல், மின்சாரம் போகும் வழியாகவே ஆகிவிட்டது.

ஒரு நிலையை எடுத்துக்கொண்டு இதைக் கிட்டத்தில் பார்ப்போம். பலகை கையருகே இருந்தால் காய்களை வைத்துப் பார்ப்பது நல்லது. வெள்ளையின் சிப்பாய் இ4-இல், குதிரை சி3-இல், ராணி டி1-இல் நிற்கின்றன. டி2, டி3, டி4 காலி. கறுப்பின் ராணி டி5-இல், குதிரை பி5-இல், ஒரு சிப்பாய் எஃப்5-இல். இரு ராஜாக்களும் ஆபத்தில்லாத மூலைகளில் இருக்கட்டும். வெள்ளையின் முறை.

முதல் சுற்றில் வெள்ளைக் காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சைகை அனுப்புகின்றன. இ4 சிப்பாயின் சைகை டி5-க்கும் எஃப்5-க்கும் போகிறது. சி3 குதிரையின் சைகை டி5, பி5 உள்ளிட்ட கட்டங்களுக்குத் தாவுகிறது. டி1 ராணியின் சைகை டி2, டி3, டி4 வழியாகக் கடந்து டி5-இல் முட்டி நிற்கிறது. இப்போது எதிரிக் காய் நிற்கிற, சைகை வந்து சேர்ந்த கட்டங்கள் மூன்று: டி5, பி5, எஃப்5. மூன்றும் ‘நான் வெட்டுப்படக்கூடும்’ என்று கை தூக்குகின்றன. விளையாட்டுப் போட்டியின் அரையிறுதி, இறுதிச் சுற்று போல இரண்டிரண்டாக ஒப்பிட்டுக்கொண்டு மேலேறும் ஒரு மின்சுற்று, இவற்றில் மதிப்பு மிகுந்ததைத் தேர்ந்தெடுக்கிறது. அது டி5-இல் உள்ள ராணி. இதற்கு ‘பலியைத் தேடும் சுற்று’ என்று பெயர்.

இரண்டாம் சுற்று இதன் தலைகீழ். இப்போது டி5 கட்டம், தானே எல்லா வகைக் காயாகவும் இருப்பதுபோல எல்லாத் திசைகளிலும் சைகையை அனுப்புகிறது. அந்தச் சைகை வந்து சேரும் இடத்தில் வெள்ளைக் காய் நின்று, அந்தத் திசையில் நகரக்கூடியதாகவும் இருந்தால், அது கை தூக்கும். இ4 சிப்பாய், சி3 குதிரை, டி1 ராணி மூன்றும் கை தூக்குகின்றன. இம்முறை தேர்ந்தெடுக்கப்படுவது மதிப்பு குறைந்தது, அதாவது சிப்பாய். இது ‘தாக்குபவரைத் தேடும் சுற்று’. இரண்டு சுற்றுகளின் முடிவில் எந்திரத்தின் கையில் ஒரு நகர்த்தல் இருக்கிறது: இ4 சிப்பாய், டி5 ராணியை வெட்டுகிறது. மனிதர் எவரும் முதலில் பார்க்கும் நகர்த்தலும் அதுதான்.

அந்தக் கிளையைப் பார்த்து முடித்துத் திரும்பி வந்தால், சிப்பாயை மறைத்துவிட்டு இரண்டாம் சுற்றை மறுபடி ஓட்டினால் குதிரை வரும். அதையும் மறைத்தால் ராணி. மூன்றும் தீர்ந்தபின் டி5-ஐ மறைத்துவிட்டு முதல் சுற்றை ஓட்டினால் அடுத்த பலி பி5 குதிரை. அதற்கடுத்து எஃப்5 சிப்பாய். வெட்டுகள் எல்லாம் முடிந்த பிறகே காலிக் கட்டங்களுக்குப் போகும் அமைதியான நகர்த்தல்கள் வரும். ஆல்ஃபா-பீட்டா வெட்டுமுறை விரும்பும் வரிசை ஏறக்குறைய இதுதான். தனியாக வரிசைப்படுத்தும் வேலை ஏதும் இல்லாமல், தேடும்போதே வரிசையும் கிடைத்துவிடுகிறது. முக்கியமாக, முதல் நகர்த்தலிலேயே கிளை வெட்டப்பட்டால் மற்ற 34 நகர்த்தல்களைக் கண்டுபிடிக்கும் செலவே ஏற்படாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறொன்று. ஒரு நகர்த்தலைச் செய்தபின் என் ராஜா தாக்குதலில் இருந்தால் அந்த நகர்த்தல் விதிப்படி செல்லாது. அதைச் சோதிக்கத் தனி மின்சுற்று தேவையில்லை: எதிராளியின் காய்களை வைத்துப் பலியைத் தேடும் சுற்றை ஓட்டினால், மதிப்பு மிகுந்த பலியாக ராஜா வந்து நின்றால் நகர்த்தல் செல்லாது. அந்தச் சுற்றை எப்படியும் அடுத்த படியில் ஓட்டத்தான் வேண்டும். ஆகவே சட்டச் சோதனை இலவசமாகக் கிடைக்கிறது.

பெட்டியளவிலிருந்து விரல்நுனிக்கு

பெல் எந்திரத்தின் மூன்றாம் வடிவத்தில் ஏறத்தாழ 1,700 சாதாரண சிப்கள் இருந்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பெர்லினரும் கார்ல் எபிலிங்கும் 1980-களின் நடுவில் உருவாக்கிய ‘ஹைடெக்’, நகர்த்தல்களைக் கண்டுபிடிக்க 64 தனிச் சிப்களைப் பயன்படுத்தியது. ஒரு கட்டத்துக்கு வந்து சேரக்கூடிய நகர்த்தல்களை ஒரு சிப் கவனித்துக்கொள்ளும். அதே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஹ்சு, பெல்லின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, தேவையற்ற கம்பிகளைக் களைந்து, முழுப் பலகையையும் ஒரே சிப்பில் அடக்கினார். பெல்லில், எந்தெந்தக் கட்டங்கள் மறைக்கப்பட்டுள்ளன என்ற விவரத்தைத் தேடலின் ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனியே சேமிக்க வேண்டியிருந்தது. நகர்த்தல்கள் எப்போதும் ஒரே நிலையான வரிசையில் வருவதால், கடைசியாகப் பார்த்த நகர்த்தல் எது என்று தெரிந்தால் போதும், அதற்கு முன்னால் உள்ளவற்றையெல்லாம் மறைக்க வேண்டும் என்று சிப்பே கணக்கிட்டுக்கொள்ளும் என்பது ஹ்சு கண்ட வழி. சேமிப்பிடம் சுருங்கியது, பலகை ஒரு சிப்பில் பொருந்தியது.

அந்தச் சிப்பைக் கொண்டு தாமஸ் அனந்தராமன், மர்ரே காம்ப்பெல் ஆகியோருடன் சேர்ந்து ஹ்சு உருவாக்கிய ‘சிப்டெஸ்ட்’, அதன் வழித்தோன்றலான ‘டீப் தாட்’ ஆகியவற்றின் வரலாறு நீண்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1988-இல் லாங் பீச்சில் நடந்த போட்டியில் டீப் தாட், டென்மார்க்கின் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனை வென்றது. அப்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7 லட்சம் நிலைகள். மறு ஆண்டு காஸ்பரோவிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. ஹ்சுவும் காம்ப்பெல்லும் அதே ஆண்டு ஐபிஎம்மில் சேர்ந்தார்கள்.

டீப் தாட்டின் சிப் நகர்த்தல்களை மட்டுமே கண்டுபிடித்தது. மதிப்பீடும் தேடலைக் கட்டுப்படுத்துவதும் அதற்கு வெளியே, தனிப் பலகைகளில் நடந்தன. டீப் ப்ளூவின் சிப்பில் மூன்றும் ஒன்றாக வந்தன. 15 லட்சம் டிரான்சிஸ்டர்கள், 24 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் (சிப்பின் வேலையை அடியடியாக நகர்த்தும் துடிப்பு). இன்றைய கைபேசிகளின் கடிகாரம் இதைவிட நூறு மடங்கு வேகமானது. நொடிக்கு 2.4 கோடித் துடிப்புகளில் ஏறத்தாழ 24 லட்சம் நிலைகளைப் பார்க்க வேண்டுமென்றால், ஒரு நிலைக்குப் பத்துத் துடிப்புகளே கிடைக்கும். மென்பொருள் பல்லாயிரம் கட்டளைகளில் செய்வதைப் பத்துத் துடிப்புகளில் முடிப்பதற்கு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மதிப்பீட்டை ஹ்சு இரண்டாகப் பிரித்தார். காய்களின் மதிப்பு, அவை நிற்கும் இடத்தின் மதிப்பு போன்றவற்றை ஒரே துடிப்பில் சொல்லிவிடும் வேகமான பகுதி ஒன்று. அதுவே நிலைமை மிகத் தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் மெதுவான பகுதி இயங்கும்: அது பலகையை ஒரு நேரத்துக்கு ஒரு நெடுவரிசையாக வருடிக்கொண்டே போய், ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு, யாரும் தடுக்க முடியாத சிப்பாய், திறந்த வரிசையில் யானை, அசைய முடியாமல் கட்டுண்ட காய் என்று நுட்பமான அம்சங்களைக் கூட்டும். மொத்தம் ஏறத்தாழ 8,000 அம்சங்கள். எந்தெந்த அம்சங்களைப் பார்க்கலாம் என்பது சிலிக்கானில் பதிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பெண் என்பதைச் சிப்பின் நினைவகத்தில் வெளியிலிருந்து எழுதலாம். இந்தச் சிறிய வாசல் திறந்திருந்ததால்தான், குழுவினர் கிராண்ட்மாஸ்டர்களின் ஆலோசனையைக் கேட்டு, அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு இடையிலும் மதிப்பெண்களைத் திருத்த முடிந்தது.

480 சிப்களுக்கு வேலை கொடுப்பது

ஒரு சிப்புக்கு 24 லட்சம் என்றால் 480 சிப்களுக்கு நொடிக்கு நூறு கோடிக்கும் மேல் வர வேண்டும். உண்மையில் 1997-இல் டீப் ப்ளூ எட்டிய வேகம் 10 கோடிக்கும் 20 கோடிக்கும் இடையில் ஊசலாடியது. மீதி எங்கே போயிற்று?

ஒரு பகுதி, வேலையைப் பங்கிடுவதில் போயிற்று. தேடல் மரத்தின் மேல்பகுதியைப் பொதுப் புராசசர்களில் மென்பொருள் பார்த்துக்கொண்டது. கடைசி நான்கைந்து அரை நகர்த்தல்களையும் அதற்குப் பின் வெட்டுகள் ஓயும்வரை தொடரும் தேடலையும் மட்டும் சிப்கள் பார்த்தன. ஒரு புராசசர் 16 சிப்களுக்கு ஓயாமல் நிலைகளை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டுவது தாமதமானால் சிப் சும்மா இருக்கும். இன்னொரு பகுதி, ஆல்ஃபா-பீட்டாவின் இயல்பிலேயே இருக்கிறது. முதல் கிளையைப் பார்த்து முடித்தால்தான் இரண்டாவதை எவ்வளவு சீக்கிரம் வெட்டலாம் என்று தெரியும். பல சிப்கள் பல கிளைகளை ஒரே நேரத்தில் தொடங்கினால், அவற்றில் பல, பார்க்கவே தேவையில்லாத கிளைகளாக முடியும். பத்துப் பேர் சேர்ந்தால் கிணறு பத்து மடங்கு வேகமாகத் தோண்டப்பட்டுவிடாது. உள்ளே இறங்க இடம் இருப்பது இருவருக்குத்தான்.

மூன்றாவது இழப்பு எண்ணிக்கையில் தெரியாது. வெவ்வேறு வரிசையில் நகர்த்தினாலும் ஒரே நிலைக்கு வந்து சேருவது சதுரங்கத்தில் சாதாரணம். மென்பொருள் நிரல்கள் பார்த்த நிலைகளை ஒரு பெரிய அட்டவணையில் குறித்துவைத்து, மறுபடி வந்தால் அதிலிருந்தே விடையை எடுத்துக்கொள்கின்றன. டீப் ப்ளூவின் மென்பொருள் பகுதிக்கு அப்படி ஓர் அட்டவணை இருந்தது, சிப்புக்கு இல்லை. வெளியில் ஒன்றை இணைக்கச் சிப்பில் வசதி விட்டுவைத்திருந்தார்கள், ஆனால் நேரமின்மையால் அது பயன்படுத்தப்படவே இல்லை. ஆகவே சிப் தான் ஏற்கெனவே பார்த்ததையே திரும்பவும் பார்த்துக்கொண்டிருந்தது. நொடிக்கு இத்தனை கோடி என்ற எண்ணில் அந்த வீண் வேலையும் சேர்ந்திருக்கிறது. வேகத்தை மட்டும் வைத்து இரண்டு எந்திரங்களை ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படாததற்கு இதுவே காரணம்.

ஏன் நின்றுபோயிற்று

சிப் என்பது ஒருமுறை வார்த்துவிட்டால் மாற்ற முடியாத பொருள். வடிவமைக்க ஆண்டுகள், தயாரித்து வாங்க மாதங்கள்; பிழை கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. மென்பொருளிலோ காலையில் தோன்றிய யோசனையை மாலைக்குள் ஆயிரம் ஆட்டங்களில் சோதித்துவிடலாம். இதற்கிடையில் பொதுப் புராசசர்களும் ஆண்டுதோறும் வேகமாகிக்கொண்டே வந்தன. சிப்பைச் செய்து முடிப்பதற்குள் அதன் முன்னிலையில் ஒரு பங்கு தானே தேய்ந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு நடுவழியை ‘ஹைட்ரா’ எடுத்துக்கொண்டது. ஆஸ்திரியாவின் கிறில்லி டோனிங்கர் உருவாக்கி, அபுதாபியிலிருந்து இயங்கிய அந்த எந்திரம், வார்த்த சிப்களுக்குப் பதிலாக எஃப்பிஜிஏ என்ற வகைச் சிப்களைப் பயன்படுத்தியது. அவற்றில் உள்ள ஆயிரக்கணக்கான சிறு மின்சுற்றுகளை எப்படி இணைப்பது என்பதை விற்பனைக்குப் பின்னும் வாங்கியவரே மாற்றி எழுதலாம். வார்த்த சிப்பின் வேகம் அதில் வராது, ஆனால் பிழையைத் திருத்தலாம், புதிய மதிப்பீட்டைச் சேர்க்கலாம். 2005 ஜூனில் லண்டனில் இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸை ஹைட்ரா 5.5–0.5 என்று தோற்கடித்தது. உலகின் முன்வரிசைக் கிராண்ட்மாஸ்டர் ஒருவருக்கு அப்படியொரு தோல்வி! சதுரங்கத்துக்கென்றே கட்டப்பட்ட மின்சுற்று மனிதரோடு மோதி ஈட்டிய பெரிய வெற்றிகளில் கடைசியானதாக இதைத்தான் நான் கருதுகிறேன்.

ஏனென்றால் அடுத்த ஆண்டே, 2006-இல் பான் நகரில், அப்போதைய உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக்கை டீப் ஃப்ரிட்ஸ் 4–2 என்று வென்றது. அது கடையில் வாங்கக்கூடிய புராசசர்கள் கொண்ட கணினியில் ஓடிய, கடையில் வாங்கக்கூடிய மென்பொருள். டீப் ப்ளூவின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. 2009-இல் புவெனஸ் ஐரிஸில் ஒரு கைபேசியில் ஓடிய ‘பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4’, நொடிக்கு 20,000-க்கும் குறைவான நிலைகளைப் பார்த்துக்கொண்டே, ஒரு போட்டியில் பத்துக்கு 9.5 புள்ளிகள் எடுத்தது. பார்க்க வேண்டாதவற்றைப் பார்க்காமல் விடும் கலையில் மென்பொருள் அவ்வளவு தேர்ந்துவிட்டிருந்தது.

பொதுப் புராசசரும் தற்செயலாகச் சதுரங்கத்துக்கு நெருங்கி வந்தது. சாதாரணக் கணினிகளும் 64 பிட் அகலமுள்ள எண்களை, அதாவது 0 அல்லது 1 ஆகிய இலக்கங்கள் 64 கொண்ட எண்களைக் கையாளத் தொடங்கியபோது, பலகையின் 64 கட்டங்களும் ஒரே எண்ணில் அடங்கின: வெள்ளைச் சிப்பாய்கள் நிற்கும் கட்டங்களில் 1, மற்றவற்றில் 0. அந்த எண்ணை எட்டு இடம் நகர்த்தினால் எல்லாச் சிப்பாய்களும் ஒரே கட்டளையில் ஒரு கட்டம் முன்னேறிவிடும். ஓர் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணித்தரும் கட்டளையும் பின்னர் சாதாரணப் புராசசர்களில் வந்தது. அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒரே நேரத்தில் கேட்கும் பெல்லின் வித்தையில் ஒரு பங்கு இப்படி எல்லோர் மேசைக்கும் வந்து சேர்ந்தது.

2017 இறுதியில் வெளிவந்த ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் நிலைமையை வேறு திசையில் திருப்பியது. அது நொடிக்கு 80,000 நிலைகளையே பார்த்தது. அதனோடு மோதிய ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் 7 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆனாலும் ஆல்ஃபாஸீரோ வென்றது. ஒரு நிலையை, ஆட்டங்களிலிருந்து தானே கற்றுக்கொண்ட பெரிய நரம்பு வலையமைப்பு ஒன்றால் மதிப்பிடுவதால் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு நேரம் பிடித்தது. அந்த மதிப்பீட்டுக்கு அது பயன்படுத்திய டிபியு என்பதும் சிறப்புச் சிப்தான். ஆனால் அது சதுரங்கத்துக்கானதல்ல. எண் அட்டவணைகளை ஒன்றோடொன்று பெருக்குவது மட்டுமே அதன் தொழில். முதல் தலைமுறை டிபியுவில் 65,536 பெருக்கிகள் 256-க்கு 256 என்ற சதுரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. டீப் ப்ளூவின் சிப்புக்குச் சதுரங்கம் தெரியும், பெருக்கத் தெரியாது. டிபியுவுக்குப் பெருக்கத் தெரியும், குதிரை எப்படித் தாவும் என்று தெரியாது.

இன்றைய ஸ்டாக்ஃபிஷில் இரண்டு வழிகளும் கலந்திருக்கின்றன. 2020-இல் வந்த அதன் 12-ஆம் பதிப்பிலிருந்து மதிப்பீட்டை ஒரு சிறிய நரம்பு வலையமைப்பு கவனிக்கிறது. ஷோகி என்ற ஜப்பானியப் பலகை ஆட்டத்துக்காக யூ நாசு 2018-இல் உருவாக்கிய முறை அது. ஒரு நகர்த்தலில் பலகையின் இரண்டு மூன்று கட்டங்களே மாறுகின்றன என்பதால், வலையமைப்பின் முதல் அடுக்கை முழுதும் மறுபடி கணக்கிடாமல், மாறிய பகுதியை மட்டும் கூட்டிக் கழித்துக்கொள்ளும். அதனால் அதற்குச் சிறப்புச் சிப் எதுவும் தேவைப்படாமல், மடிக்கணினியின் சாதாரணப் புராசசரே போதுமானதாகிறது. நிலைகளைத் தேடும் பகுதியோ இன்றும் ஆல்ஃபா-பீட்டாதான். வெட்டுகளை வரிசைப்படுத்தும்போது பிற கணக்குகளையும் சேர்த்துக்கொண்டாலும், வெட்டுப்படும் காயின் மதிப்புக்கே முதன்மை தருகிறது என்பதால், மேலே வைத்துப் பார்த்த நிலையை அதனிடம் கொடுத்தால், டி5-இல் நிற்கும் ராணியை வெட்டும் நகர்த்தல்களைத்தான் அதுவும் முன்வரிசையில் வைக்கும்.